கால் செய்யும் மகளுக்கு

மலர்விழிக்கு, அப்பா எழுதுவது.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நீ பெரம்பலூரில், நாங்கள் அரியலூரில். தினமும் போனில் பேசுகிறோம். பேச்செல்லாம் மண்டபம், சமையல்காரர், தைக்கக் கொடுத்த ரவிக்கை என்பதோடு நின்றுவிடுகிறது. நான் உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. அதை நேரில் சொல்லிவிடுவது என்று மூன்று தடவை பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்தேன். மூன்று தடவையும் உன் பட்டறையில் யாராவது காத்திருந்தார்கள். நீ கையெல்லாம் மாவுக்கட்டுத் துணியின் வெள்ளை அப்பியிருக்க, "சித்த இருங்கப்பா, வந்துடறேன்" என்றாய். நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உனக்கு வேலை இருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தப்பித்தது நான். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசியவனுக்கு, பெற்ற மகள் முன்னால் வாய் எழவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்ததும் இதை யாருக்கு வேண்டுமானாலும் நீ காட்டலாம். மே மாதம் மார்க் ஷீட்டோடு நம் வாசலில் வந்து நிற்கும் அப்பா அம்மாக்களுக்குப் படிக்கக் கொடுக்க நானே ஒரு நகல் எடுத்து வைக்கப் போகிறேன்.

நீ பத்தாவது படித்த வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். உன்னோடு படித்த சகாயமேரிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பியும் தோல்வாரும் போட்ட காலிப்பர் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருவாள். ஒரு நாள் அதன் முழங்கால் பூட்டு உடைந்து, அவள் இறைவணக்கத்தில் எல்லார் முன்னாலும் விழுந்துவிட்டாள். அன்று சாயங்காலம் நான் கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். சைக்கிள் கடை வாசலில், பாவாடை தாவணியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீ அந்தக் காலிப்பரை மடியில் வைத்துப் பிடித்திருந்தாய். கடைக்காரர் ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இன்னும் கொஞ்சம் மேல வைங்க. ஒக்காரும்போது கம்பி குத்துதாம்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. ஊரே மரியாதை வைத்திருக்கும் கணக்கு வாத்தியாரின் மகள் சைக்கிள் கடையில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். "படிக்கிற புள்ள பண்ற வேலையா இது?" என்று கத்தினேன். நீ அழவில்லை. "நாளைக்கு அவ எப்படிப்பா ஸ்கூலுக்கு வருவா?" என்று மட்டும் கேட்டாய். மறுநாள் காலையில் நீ அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, கடையில் காலிப்பரை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாய் என்று பிறகு தெரிந்தது. சகாயமேரி நான்கு வருடம் அதைப் போட்டு நடந்தாள்.

அந்த நாட்களில் நான் யார் என்று உனக்குத் தெரியும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் வீட்டில் உட்கார இடம் இருக்காது. ஆண்டிமடத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "சார் கைய காட்டுற காலேஜுல சேத்துட்டா போதும்" என்பார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை மார்க்? மார்க்கைச் சொன்னால் படிப்பைச் சொல்லிவிடுவேன். அதிக மார்க் என்றால் இன்ஜினியரிங், அதற்கடுத்தது பி.எஸ்சி., அதற்கும் கீழே என்றால் டீச்சர் டிரெயினிங். பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அதன் முகத்தைக்கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. வேர்க்கடலையைச் சல்லடையில் சலிப்பது மாதிரி பிள்ளைகளைச் சலித்தேன். சிலருக்கு அது நன்றாகவே அமைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அமையாதவர்கள் திரும்பி வந்து என்னிடம் சொல்லவில்லை. அதனால் நான் சொன்னதெல்லாம் பலித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உன் முறை வந்தது. உனக்கு நல்ல மார்க். அதற்கு முன்பே, பள்ளியில் நடந்த ஒரு முகாமுக்குச் சகாயமேரியோடு போய், அங்கே கால் அளவெடுக்க வந்தவரிடம் நீ எல்லாம் விசாரித்து வைத்திருந்தாய். செயற்கைக் கால், கை, காலிப்பர் செய்யக் கற்றுத்தரும் படிப்பு சென்னையில் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தை வரவழைத்து, உன் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பி, ஒட்டி, என் கையில் கொடுத்தாய். "அப்பா, தபால்ல சேக்க நாளைக்குக் கடைசி. பெரம்பலூர் போறீங்கள்ல, போற வழியில போஸ்ட் பண்ணிடுங்க."

பெரம்பலூருக்கு நான் போனது உனக்கு இன்ஜினியரிங் கல்லூரி பார்க்க. பஸ் மருதையாற்றுப் பாலத்தில் போகும்போது அந்த உறையைப் பையிலிருந்து எடுத்தேன். நான்காகக் கிழித்து ஜன்னல் வழியாக ஆற்றில் போட்டேன். ஆற்றில் தண்ணீர்கூட இல்லை. துண்டுகள் மணலில் போய் விழுந்ததைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் உன்னிடம் சொல்ல வந்தது இதுதான், மலர். அந்த விண்ணப்பம் தபாலில் தொலையவில்லை. நான் போடவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்று நீ தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வராமல் போனதும் ஒன்றும் பேசாமல் இன்ஜினியரிங்கில் சேர்ந்தாய். காலையில் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடுவாய், சாயங்காலம் வாடிப்போய் இறங்குவாய். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர், அப்புறம் நாலு. என் மகள் கணக்கில் தோற்கிறாள் என்று எனக்கு அவமானம். நான் உனக்கு டியூஷன் வைத்தேன். உனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் நான் கேட்கவில்லை. இரண்டாம் வருடக் கடைசியில் சகாயமேரிக்குப் புதுக் காலிப்பர் வாங்க அவளோடு சென்னைக்குப் போனாய். போன இடத்தில், அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கும் ஆபீசில் விசாரித்திருக்கிறாய். உன் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து, "அப்பா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டாய். சமையல்கட்டு வாசலில் நின்று, "அந்த அப்ளிகேஷன நீங்க போஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டாய்.

"பண்ணேனே. தபால்ல எங்கியாச்சும் தொலஞ்சிருக்கும்" என்றேன். உன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"சரிப்பா" என்றாய். அவ்வளவுதான். அடுத்த வாரம் புது விண்ணப்பம் வரவழைத்தாய். நீயே தபாலாபீசுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தாய். "காலேஜுக்கு இனிமே போகலப்பா" என்றாய். நான் சாப்பிடாமல் கிடந்தேன், மிரட்டினேன், உன் மாமாவைக் கூட்டிவந்து பேச வைத்தேன். நீ அசையவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு சென்னைக்குக் கிளம்பினாய். பஸ் ஏற்றிவிட உன் அம்மா மட்டும்தான் வந்தாள்.

போன வாரம் இதையெல்லாம் முதல்முறையாக உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அவளுக்கு அன்னிக்கே தெரியும்ங்க. நீங்க பொய் சொன்னா காதத் தொடுவீங்க. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்" என்றாள். ஏழு வருடம் தெரிந்துகொண்டே என்னை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாய்.

நீ படிப்பை முடித்துப் பெரம்பலூரில் மறுவாழ்வு மையத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் நான் திருந்தவில்லை. யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரில டெக்னீஷியன்" என்பேன். உன்னைப் பெண் பார்க்கத் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் அப்பா, "வேலைக்கெல்லாம் போற பொண்ணு, நம்ம வூட்டுக்குச் சரியா வருமா?" என்று இழுத்தார். நான் முந்திக்கொண்டு, "கல்யாணம் ஆனா விட்டுடுவா. சும்மா பொழுது போகலன்னுதான் போறா" என்றேன். நீ உள்ளேயிருந்து வெளியே வந்தாய். குரலை உயர்த்தவில்லை. "நான் விட மாட்டேங்க. நான் செயற்கைக் கால் செய்றேன். ஆம்பள, பொம்பள எல்லாருக்கும்தான். தொடையத் தொட்டுப் பாத்துத்தான் அளவெடுக்கணும். இது தெரியாம நீங்க ஒரு முடிவுக்கு வந்துடக் கூடாதுன்னு சொல்றேன்" என்றாய். அவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஒரு மாதம் உன்னோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களிடம் பொய் சொன்னவன் நான். கோபித்துக்கொண்டவனும் நானே.

என்னை மாற்றியது யாருடைய உபதேசமும் இல்லை. தா.பழூர் பக்கத்து வயல் ஒன்றின் சேறுதான். சின்னதுரை என்ற விவசாயக் கூலிக்குக் கதிரடிக்கும் மெஷினில் மாட்டி முழங்காலுக்கு மேலே கால் போயிருந்தது. எங்கோ ஒரு முகாமில் கொடுத்த செயற்கைக் காலை அவர் வீட்டு ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, கம்பு ஊன்றியே நடந்துகொண்டிருந்தார். ஏன் போடவில்லை என்று நேரில் பார்க்க வேண்டும் என்றாய். "தூரம்ப்பா, தொணைக்கு வாங்க" என்று கூப்பிட்டாய். நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

"அத மாட்டிக்கிட்டு வரப்புல நடக்க முடியலம்மா. சேத்துல எறங்குனா ஷூவுக்குள்ள சேறு ரொம்பிக்கிட்டு எடுக்க வரல. நின்னா முட்டி மடங்கிக்குது. எனக்கு வயல வுட்டா வேற என்னா தெரியும், சொல்லு" என்றார் அவர். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வயலில் இறங்கினாய். உழுதுகொண்டிருந்த மாடு சேற்றில் காலை வைப்பதையும் எடுப்பதையும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாய். அப்புறம் அந்தப் பழைய காலை அவருக்கு மாட்டி வரப்பில் நிற்க வைத்து, பையிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாய். "இடுப்பெலும்புலேர்ந்து புடிங்கப்பா. கயிறு முட்டிக்கு முன்னாடி விழுதா, பின்னாடி விழுதா?"

பார்த்தேன். "பின்னாடி விழுது" என்றேன்.

"அதான் மடங்குது. வெயிட்டு முட்டிக்கு முன்னாடி எறங்கணும். எவ்வளவு முன்னாடின்னு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்களேன். நான் குத்துமதிப்பாத்தான் வைப்பேன், நீங்க சொன்னா சரியா இருக்கும்."

வரப்பு மண்ணில் குச்சியால் முக்கோணம் வரைந்தேன். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் நான் வரைந்த அதே முக்கோணம்தான். அதன் ஒரு முனையில் ஒரு மனிதன் விழாமல் நிற்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. இரண்டு தடவை தப்பாகப் போட்டு அழித்தேன்.

நீ அவருக்கு ஒரே காலுக்கு இரண்டு அடிப்பகுதி செய்தாய். ஊருக்குள் போக ஒரு பாதம், வயலுக்கு மாட்டுக் குளம்பு மாதிரி அகலமான ரப்பர் அடி. முதல் தடவை போட்டுப் பார்த்தபோது அவர் விழுந்தார். இரண்டாவது தடவையும் விழுந்தார். தொடையில் தோல் உரிந்துவிட்டது. "போதும்மா, வுட்டுடு" என்றார் அவர் மனைவி. நீ தரையில் உட்கார்ந்து, அவர் காலடியில் குனிந்து, திருகைக் கழற்றி மறுபடி முடுக்கினாய். பெற்ற பெண் ஒரு ஆம்பளையின் காலடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்றாவது தடவை, பதினைந்து நாள் கழித்து, அவர் எழுந்து வரப்பில் நடந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மடைக்குப் போனார். குனிந்து, மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி, தண்ணீரை அடைத்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்து, "நேத்துலேர்ந்து வீணா ஓடிக்கிட்டு இருக்கு, பாத்தியா?" என்று அதட்டினார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நீ அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு வந்த மே மாதங்களில் நான் மார்க்கைக் கடைசியில்தான் கேட்கிறேன். "லீவு நாள்ல என்ன பண்ணுவ?" என்று பிள்ளையிடம்தான் முதலில் கேட்கிறேன். போன மே மாதம் ஆண்டிமடத்துப் பையன் ஒருவன், முந்திரிக் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவேன் என்றான். "நூறு கட்டுனா தொண்ணூறு புடிச்சிக்கும் சார்" என்று சொல்லும்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவன் அப்பா பார்க்கவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பரவாயில்லை, மறுபடி வருவார், மறுபடி சொல்வேன். எல்லாரும் இன்ஜினியரிங்கை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சகாயமேரி பி.காம். படித்து, கருவூல ஆபீசில் வேலை பார்க்கிறாள், அதில்தான் அவளுக்கு இஷ்டம். நடக்கப் போகிறவர்களிடம் கேட்காமல் வழி சொல்லக் கூடாது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

உனக்குச் சொல்லவும் எனக்குச் சில உண்டு. உன் வேலையைப் புண்ணியம் என்று சொல்லி உன்னைத் தெய்வமாக்கப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. அது வேலை. அதற்கு லீவு வேண்டும், ஓய்வு வேண்டும். உன் முதுகு வலிக்கிறது என்று நீ யாரிடமும் சொல்வதில்லை, எனக்குத் தெரியும். கீழே உட்காராமல் அளவெடுக்க ஒரு மேடை கட்டச் சொல்லி மையத்தில் கேள், தரவில்லை என்றால் விடாமல் கேள். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது உனக்குப் பிடிக்காத ஒன்றின் மேல் ஆசைப்பட்டால், என் மருதையாற்றுப் பாலத்தை நினைத்துக்கொள். நல்லது செய்கிறேன் என்ற நினைப்போடுதான் நானும் கிழித்தேன்.

இனி, உனக்குத் தெரியாத ஒன்று. செட்டிகுளத்திலிருந்து கதிரவன் வீட்டார் பெண் கேட்டு வந்த அன்று நீ பட்டறையில் இருந்தாய். கதிரவனின் தாய்மாமன், அதே கேள்வியைக் கேட்டார். "பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலைய விட்டுடுமுங்களா?" உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

"விட மாட்டா" என்றேன். "வேணாம்னு என்னிக்காச்சும் அவளுக்காத் தோணுனா விடுவா. நான் விடச் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. இது சம்மதம்னா மேல பேசுவோம். இல்லன்னா சாப்பிட்டுட்டுப் போங்க, ஒறவு அப்படியே இருக்கட்டும்."

தாய்மாமன் கதிரவனைத் திரும்பிப் பார்த்தார். கதிரவன், "மாமா, நான் வயல்ல சின்ன வெங்காயம் போடறேன். கல்யாணத்துக்கு அப்புறம் வெங்காயம் போடறத விட்டுடுவியான்னு என்ன யாராச்சும் கேட்டாங்களா?" என்றான். மாமா சிரித்துவிட்டார். அந்தப் பையனை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

நேற்று அழைப்பிதழ் அடிக்கக் கடைத்தெரு அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் மாதிரியைக் காட்டி, "பொண்ணு பேருக்குக் கீழ டிகிரி என்ன சார் போடறது?" என்று கேட்டார். நான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், நல்ல காரியம். இதுல போயி கால் கீல்னு போட்டா நாலு பேரு ஒரு மாதிரி பேச மாட்டாங்களா? டிப்ளமோன்னு மட்டும் போட்டுடவா?"

"நான் எழுதினபடியே அடிங்க" என்றேன். "எழுத்த மட்டும் சின்னதாப் போட்டுடாதீங்க."

காத்திருந்து, அச்சுக்கோத்த மாதிரித் தாளை வாங்கி வந்தேன். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே ஒரே வரி: "செயற்கைக் கால் வடிவமைப்பவர், பெரம்பலூர்." சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல். வெள்ளிக்கிழமை அச்சேறுகிறது. ஐந்நூறு அழைப்பிதழ். அன்று காபியை மீதி வைத்துவிட்டுப் போன திருச்சிக்காரர்களுக்கு முதலில் கொண்டுபோய் வைப்பது என்று நானும் உன் அம்மாவும் முடிவு செய்திருக்கிறோம்.

அப்பா